காவலும் விளக்கும்: மும்பை நகரில் ஊர்க்காவல் வளர்ந்த வரலாறு

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்கும்போதெல்லாம், தமிழரின் கடல் வாணிகத்தைப் பற்றியோ இருப்புப்பாதை வந்த கதையைப் பற்றியோ சில பக்கங்கள் எழுதிக் கொடுத்துக் கடமை முடித்துக்கொள்வது இதுகாறும் நமது வழக்கம். இவ்வாண்டு அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. பழம்பெருமை பேசிக் கலைந்து செல்வதற்கு ஏற்ற ஆண்டாக இவ்வாண்டு நமக்கு அமையவில்லை. காரணத்தைக் காலனி அன்பர்கள் அறிவார்கள். எனினும் வெளியூர் அன்பர்களும் மலரைப் படிப்பார்களாதலின் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற கோடையில் பள்ளிகள் மூடியதும், வழக்கம்போல் நம்மவரிற் பலர் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டனர். பூட்டிய வீடுகளுள் நான்கு, மே மாதம் முடிவதற்குள் உடைக்கப்பட்டன. ஒரு வீட்டில் மகளின் திருமணத்திற்கென்று பத்தாண்டுகளாகச் சேர்த்த நகை போயிற்று. இன்னொரு வீட்டில் எடுக்கத் தக்கது ஒன்றுமில்லாமையால் குத்துவிளக்கையும் வெண்கலப் பானையையும் கொண்டுசென்றனர். திரும்பி வந்தவர்கள் வாயிலில் நின்று அழுததை நாம் எல்லோரும் கண்டோம்.

அடுத்து நடந்ததுதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஜூன் மாதத்தில் ஓரிரவு பதினொரு மணியளவில், விளக்கில்லாத ஒரு மாடிப்படியின் கீழ் நின்ற இளைஞன் ஒருவனை நம் காலனிப் பிள்ளைகள் பிடித்தனர். அவன் கையில் ஒரு பை இருந்தது. கேட்ட கேள்விக்கு இந்தியிலோ மராத்தியிலோ விடை சொல்ல அவனுக்கு இயலவில்லை. அடி விழுந்தது. உதடு கிழிந்து குருதி வடிந்தபின், “அம்மா” என்று அவன் அலறிய ஒலியைக் கேட்ட பிறகே அவன் தமிழ்ப்பிள்ளை என்பது விளங்கிற்று. வேலை தேடி வந்தவன். அவனுடைய தாய்மாமனின் முகவரி எழுதிய சீட்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. மாமனோ இரண்டாண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர். அடித்தவர்களுள் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவன் என்பதை மறைத்தற்கில்லை.

தமிழன் என்று தெரிந்தவுடன் அடி நின்றது; தண்ணீர் வந்தது; மருந்தும் வந்தது. அவன் தமிழனாக இராதிருந்தால் அந்த அடி எப்பொழுது நின்றிருக்கும்? இக்கேள்வி பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை.

பின்னர்க் கூடிய பொதுக்கூட்டத்தில் சுவரை உயர்த்த வேண்டும் என்றனர் சிலர். இரும்புக் கதவு போட்டுக் கூவி விற்பவர்களை உள்ளே விடக்கூடாது என்றனர் சிலர். இளைஞர்களுக்குத் தடி கொடுத்துச் சுற்றிவரச் செய்யலாம் என்றனர் வேறு சிலர். முடிவு ஆண்டு விழாவிற்குப் பின் நடக்கும் கூட்டத்திற்கு ஒத்தி வைக்கப்பட்டுள்ளது. அதற்குள், நாம் பிழைக்க வந்த இந்த மாநகரம் இதே கேள்விக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளாக எவ்வெவ்வாறு விடை தேடிற்று என்பதை நம்மாலியன்ற அளவு எடுத்துக் கூறுதல் நலமென்று தோன்றியது. நாம் பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் படித்தவரல்லோம், குமாஸ்தா வேலையில் பதிவேடுகளைப் புரட்டிப் பழகியவர், அவ்வளவே.

பண்டைக் காவல்

ஊர்க்காவல் தமிழருக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சியில், நள்ளிரவு மழையிலும் தளராமல் வீதிகளைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரைக் காண்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி வருகிறது. பிற்காலத்தில் தென்பாண்டி நாட்டில் காவற்காரர்க்கு ஊரார் நெல்லும் பணமும் அளந்தனர்; களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தருவதோ, இயலாவிடில் ஈடு செய்வதோ காவற்காரரின் கடமை. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று நாம் பெருமைப்படலாம். ஆயின், கேட்பாரற்றுப் போன காலத்தில் இவ்வேற்பாடு திரிந்தது. காவற்கூலி கொடாதவன் வீட்டு மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி கொடுத்தபின் அது திரும்பி வருவதும் வழக்கமாயின. காவல் செய்தவரே அச்சத்திற்குக் காரணமாயினர். பாளையக்காரர் போர்கள் முடிந்தபின் கம்பெனியார் இக்காவல் உரிமைகளை ஒழித்தனர். காவலரைக் காப்பவர் யார் என்ற கேள்வியை இந்தப் பழங்கதை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. அதை மனத்திற் கொண்டு பம்பாய்க்கு வருவோம்.

பண்டாரிப் படை முதல் கமிஷனர் வரை

1669-ஆம் ஆண்டில் பம்பாய்த் தீவின் ஆளுநராக வந்த ஜெரால்டு ஆஞ்சியர் என்பவர், கள் இறக்கும் தொழிலுடைய பண்டாரி மக்களைக் கொண்டு ஒரு காவற்படை அமைத்தார். அதன் சுபேதார்கள் மாஹிம், சிவ்ரி, சயான் ஆகிய மூன்றிடங்களில் தங்கியிருந்தனர். இன்று நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவியும் மாதுங்காவும் மாஹிமுக்கும் சயானுக்கும் இடையே கிடப்பன என்பதை நினைவிற் கொள்க. இந்நகரின் முதற்காவல் உள்ளூர் மக்களைக் கொண்டே நடந்தது. நிலமுடையோர் ஆள் கொடுத்தனர்.

நகரம் பெருகப் பெருக அது போதவில்லை. 1779-இல் ஜேம்ஸ் டாட் என்பவர் போலீஸ் லெப்டினெண்டாக நியமிக்கப்பட்டார். பதினோராண்டு கழித்து, லஞ்சக் குற்றம் சாட்டப்பெற்றுப் பதவியிழந்தார். பழைய காவற்காரர் கதை ஆங்கில உடை தரித்து மீண்டும் வந்ததென்றே சொல்லலாம்.

நாம் உற்று நோக்க வேண்டிய ஆண்டுகள் 1864, 1865 என்பன. 1864-இல் பிராங்க் சூட்டர் நகரின் முதற் போலீஸ் கமிஷனரானார். அடுத்த ஆண்டில் ஆர்தர் கிராபர்டு முதல் முனிசிபல் கமிஷனரானார். அதே 1865-இல் பம்பாய் வீதிகளில் எரிவாயு விளக்குகள் முதன்முதலாக ஏற்றப்பட்டன. காவலுக்கு ஓர் அதிகாரியும், சாக்கடைக்கும் விளக்குக்கும் ஓர் அதிகாரியும் ஏறக்குறைய ஒரே வேளையில் தோன்றினர். இருட்டு நீங்காமல் திருட்டு நீங்காது என்பது அன்றே உணரப்பட்டிருந்தது.

அந்நாளில் போலீஸ் செலவில் ஒரு பங்கை முனிசிபாலிடியே கொடுத்து வந்தது. பணம் கொடுப்பது நகரம், ஆணையிடுவது சர்க்கார். பங்கு எவ்வளவு என்பதைப் பற்றி இரு சாராருக்கும் ஓயாத வழக்கு. இறுதியாக, 1907-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. போலீஸ் செலவு முழுவதையும் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக ஆரம்பக் கல்வி, மருத்துவ உதவி முதலிய செலவுகளைக் கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டது. கணக்கு நேராயிற்று. கணக்குப் புத்தகத்தில் வாழ்பவராதலின் அந்தத் தெளிவை நாம் குறை கூறோம். ஆயின் அன்றுமுதல் நகரமன்றத்தார்க்கும் போலீஸாருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்பதும் உண்மை.

அச்சுவர் நம் அரசியலமைப்பிலும் நிற்கிறது. போலீஸ் மாநில அரசின் பொறுப்பு. 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காவது திருத்தம் நகராட்சிகளுக்குரிய பணிகளை அட்டவணையிட்டபோது, தெருவிளக்கு அதில் இடம் பெற்றது. காவல் இடம் பெறவில்லை. தெருவிளக்கு ஒருவர் கையில். லத்தி மற்றொருவர் கையில். இரண்டும் ஒருவரையொருவர் பாராமலிருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலனியே சான்று. களவு நடந்த நான்கு வீடுகளுள் மூன்று, மாதக்கணக்கில் எரியாத ஒரே விளக்குக் கம்பத்தின் இருமருங்கிலும் உள்ளவை. அக்கம்பம் தம்முடையதன்று என்று இரண்டு அலுவலகங்கள் மாறி மாறி எழுதின. எழுதிய கடிதங்கள் நம் கோப்பில் உள்ளன. அலுவலகங்களின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை.

கிராமம் காட்டிய வழி

இச்சுவர் கிராமங்களில் அவ்வளவு உயரமாக எழவில்லை. மராத்திய நாட்டில் பாட்டீல் என்பவர் தொன்றுதொட்டு ஊர்த்தலைவர். 1867-ஆம் ஆண்டுப் பம்பாய் கிராமப் போலீஸ் சட்டம் அவரைப் போலீஸ் பாட்டீலாக ஏற்றுக்கொண்டது. சரியாக நூறாண்டு கழித்து, 1967-இல் மகாராஷ்டிர அரசு இயற்றிய சட்டத்திலும் அப்பதவி தொடர்கிறது. ஊரிலேயே வாழ்பவர்; ஊர்ச் செய்தி அறிந்தவர்; ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் பாலம் போன்றவர்.

இப்பழைய அடிப்படையின்மேல் ஒரு புதிய கட்டடம் எழுந்தது. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், உள்துறை அமைச்சராயிருந்த ஆர்.ஆர்.பாட்டீல் முயற்சியால், மகாத்மா காந்தி பெயரால் ‘தண்டாமுக்த காவ்’ என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. ‘பிணக்கற்ற ஊர்’ என்று இதனைத் தமிழாக்கலாம். கிராம சபை கூடிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். வரப்புத் தகராறு, கால்வாய்த் தகராறு, பங்காளிச் சண்டை இவற்றைப் பட்டியலிட்டு, இருதரப்பையும் அழைத்துச் சமாதானம் செய்து, பதிவேட்டில் ஏற்றும். போலீஸாரும் உடனிருப்பர். நன்கு செய்த ஊருக்கு அரசு பரிசுப் பணம் அளித்தது. பெருங்குற்றம் பெரும்பாலும் சிறு பிணக்கிலிருந்தே முளைக்கிறது; முளையிலே கிள்ளுவதற்கு ஊராட்சியும் போலீஸும் ஒரே பாயில் அமர வேண்டும் என்பதே இதன் கருத்து.

பிவண்டியின் பாடம்

இனி நகரங்களுக்கு வருவோம். கல்யாண் வழியே வேலைக்குப் போய்வரும் அன்பர்களுக்குப் பிவண்டி தெரிந்த ஊரே. விசைத்தறிகள் இரவும் பகலும் இரையும் ஊர். 1970-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு மூண்ட வகுப்புக் கலவரம் நாட்டையே உலுக்கிற்று. நீதிபதி மாதோன் தலைமையில் விசாரணை நடந்தது. 1984-ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் மூண்டது. ‘பிவண்டி’ என்ற பெயரே கலவரத்திற்கு மறுபெயராய் விட்டது.

1988-இல் சுரேஷ் கோப்படே என்பவர் அங்கே போலீஸ் துணைக் கமிஷனராக வந்தார். கலவரம் வந்தபின் அடக்குவதினும், வராதிருக்கச் செய்வதே மேலென்று அவர் எண்ணினார். மொஹல்லாதோறும், அதாவது பேட்டைதோறும், குழுக்கள் அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் அவற்றில் அமர்ந்தனர். எழுபதளவில் இத்தகைய குழுக்கள் தோன்றின. அவை கூடிப் பேசியவை பெரிய தத்துவங்கள் அல்ல. குழாயடிச் சண்டை, அடைபட்ட சாக்கடை, குடித்துவிட்டுக் கூச்சலிடும் அண்டைவீட்டான், வாடகைத் தகராறு போன்றவையே. இத்தகைய சின்னஞ்சிறு காரியங்களுக்காக வாரந்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பழகினர். கான்ஸ்டேபிளும் அவர்களிடையே அமர்ந்து பெயர் சொல்லி அழைக்கப் பழகினார்.

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. மும்பை பற்றி எரிந்தது. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணைக் குழு கணக்கிட்டது. இரண்டுமுறை எரிந்த பிவண்டியோ இம்முறை அமைதி காத்தது. வதந்தி வந்தபோது அதைக் கேட்டவர், வாள் எடுக்காமல், குழுவில் தம்மோடு அமரும் மாற்று மதத்தவரைத் தேடிச் சென்று உண்மை கேட்டார். நான்காண்டு குழாயடிப் பேச்சு நாலு நாள் நெருப்பை அணைத்தது. இதனினும் பெரிய பாடம் நமக்கு வேறு வேண்டுமோ?

மும்பை கற்றுக்கொண்டது

எரிந்து முடிந்த பின்னரே மும்பை விழித்துக்கொண்டது. அந்நாளில் கமிஷனராக வந்த சதீஷ் சாஹனி, முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபைரோ, சமூகத் தொண்டர் சுஷோபா பார்வே முதலியோர் கூடி மும்பையிலும் மொஹல்லாக் குழுக்களை ஏற்படுத்தினர். தாராவி, பைகுல்லா முதலிய இடங்களின் சந்துகளில் ஓய்வுபெற்ற போலீஸ் தலைவர்கள் சாக்கடையைத் தாண்டி நடந்து சென்று மக்களிடம் பேசினர். முதற் கூட்டங்களில் மக்கள் கேட்டவை என்ன தெரியுமா? தண்ணீர், கழிப்பிடம், குப்பை வண்டி. இவற்றுள் ஒன்றுகூடப் போலீஸாரின் துறையைச் சேர்ந்ததன்று. இருப்பினும் போலீஸ் அதிகாரி உடனிருந்து வார்டு அலுவலகத்திற்குச் சொல்லி அனுப்பியபோது காரியம் நடந்தது. காரியம் நடந்தபோது நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை பிறந்தபின் குற்றச்செய்தி தானே வந்தது. பின்னர், போலீஸாரும் பேட்டை இளைஞர்களும் சேர்ந்து ஆடும் அமைதிக் கிரிக்கெட் ஆட்டங்களையும் இவ்வியக்கத்தார் நடத்தினர்.

தமிழரின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழருக்கு இரண்டு முகங்கள் உண்டு. கசப்பானதை முதலிற் சொல்வோம். 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் கள்ளச்சாராய வணிகம் வளர்ந்தது. வி.டி. நிலையத்தில் சுமைதூக்கியாக வாழ்க்கையைத் தொடங்கியவரென்று சொல்லப்படும் வரதராஜ முதலியார், தாராவி, மாதுங்கா பகுதிகளில் பெரும்புள்ளியாக விளங்கினார். எண்பதுகளின் நடுவில் போலீஸார் முனைந்தபின் அவர் சென்னைக்கு ஒதுங்கி, 1988-இல் மறைந்தார். திரைப்படம் பார்த்துவிட்டு அவரைப் பெருமையாகப் பேசுவாரும் நம்மிடையே உண்டு. ஏழைகளுக்கு உதவினார் என்பர். உதவியிருக்கலாம். ஆனால் குழாய், ரேஷன் கார்டு, சமாதானம் இவற்றை நகரமும் அரசும் தாராத இடத்தில்தான் மக்கள் அத்தகையவரின் வாயிலில் நிற்க நேர்கிறது. காலியாயிருக்கும் நாற்காலியில் யாரேனும் ஒருவர் அமர்ந்தே தீருவர்.

மற்றொரு முகம் ஜோக்கின் அற்புதம் அவர்களுடையது. கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-இல் பிழைப்பிற்காக இந்நகர் வந்து, தச்சு வேலை செய்து, டிராம்பே பக்கத்து ஜனதா காலனிக் குடிசைகளில் வாழ்ந்தவர். குப்பை அள்ளப்படாதபோது, குடிசைச் சிறுவர்களைச் சேர்த்து ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் தூக்கச் செய்து, நகராட்சி அலுவலக வாயிலில் கொண்டு வைத்தார் என்பர். 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் அக்காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்பிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர் தளரவில்லை. தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை வளர்த்தார்; 2000-ஆம் ஆண்டில் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்; 2018-இல் மறைந்தார்.

இவரும், முதலில் புனேயிலும் 2004 முதல் மும்பையிலும் போலீஸ் கமிஷனராயிருந்த ஏ.என்.ராய் அவர்களும் சேர்ந்து வளர்த்ததே குடிசைப்பகுதிப் போலீஸ் பஞ்சாயத்து. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அவ்விடத்து மக்கள் பதின்மர். அவர்களுள் பெண்கள் எழுவர், ஆண்கள் மூவர். உடன் அப்பகுதிப் போலீஸ் அதிகாரி ஒருவர். பெண்களுக்கு இவ்வளவு இடம் தந்தது ஏன்? குடிகாரக் கணவனின் அடியை வாங்குபவள் பெண். குழாயடியில் வரிசை நிற்பவள் பெண். எந்த வீட்டில் எந்நேரம் யார் வருகிறார் என்பதை அறிந்தவளும் பெண். ஸ்டேஷன் வாயிலை மிதிக்க அஞ்சியவள், தன் சந்திலே தன் அண்டை வீட்டு அக்காளிடம் அஞ்சாமற் பேசினாள். சிறு வழக்குகள் அங்கேயே தீர்ந்தன. பெருங்குற்றங்கள் சட்டப்படி ஸ்டேஷனுக்குச் சென்றன.

இரண்டு எச்சரிக்கைகள்

இவ்வளவும் நல்லன போலத் தோன்றினும், இருட்பக்கத்தையும் மறத்தலாகாது. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் பிலிப் என்னும் அதிகாரி ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். நல்ல நோக்கமுடைய இயக்கம், தமிழகமெங்கும் பரவிற்று. ஆனால் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, அவ்வியக்கப் பெயரால் ஸ்டேஷனில் உலவிய தொண்டர் சிலர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அவ்வியக்கத்தைத் தடை செய்தது. மக்களின் கண்ணாகப் போலீஸிடம் செல்ல வேண்டியவர், போலீஸின் கையாக மக்களிடம் வந்துவிடக்கூடாது என்பது முதல் எச்சரிக்கை.

இரண்டாவது, ஐயம் என்னும் நோய். 1871-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியார் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். சில சாதிகளிற் பிறந்தாலே குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதிக் கைரேகை வாங்கினர். தமிழகத்திலும் அந்தக் கொடுமை நடந்தது. 1952-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; அந்தப் பதிவேடு நம் மனத்திலிருந்து போயிற்றா? அழுக்குச் சட்டையும் அயல்மொழியும் கண்டவுடன் கை ஓங்குகிறோமே, அப்பொழுது நாம் புரட்டுவது எந்தப் பதிவேட்டை?

நாம் செய்யத் தக்கது

வரலாறு இவ்வளவு. இனி நம் காலனிக்கு அதன் பயன் என்ன? வரும் கூட்டத்தின் முன் நமது எண்ணத்தைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, தடிக்கு முன் விளக்கு. எரியாத விளக்குகளை எண்ணி மாதம் ஒரு பட்டியல் எழுதுவோம். இரயில்வே அலுவலகம், மாநகராட்சி வார்டு அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன் ஆகிய மூன்றிற்கும் ஒரே கடிதத்தின் படியை ஒரே நாளில் கொடுத்துக் கையொப்பம் பெறுவோம். இரயில்வே பாதுகாப்புப் படை இரயில்வே உடைமையைக் காப்பது. நம் வீட்டுக் களவை எழுதிக்கொள்வது நகரப் போலீஸ். இது தெரியாமலே நால்வரில் இருவர் முதல் நாளை வீணாக்கினர். யாரிடம் எதற்குச் செல்வது என்று அச்சிட்டு ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒட்டுவோம்.

இரண்டாவது, கோடையில் ஊர் செல்வோர் தம் அடுத்த வீட்டாரிடமும் ஸ்டேஷனிலும் சொல்லிச் செல்லட்டும். நகையைப் பாங்கிப் பெட்டகத்தில் வைத்துச் செல்லட்டும்.

மூன்றாவது, குழு ஒன்று அமைப்போம். அதில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். தமிழர் மட்டும் கூடிய குழுவாக அது இருத்தல் ஆகாது. மராத்தியர், தெலுங்கர், வடநாட்டார் என நம் படிக்கட்டில் வாழ்வோர் யாவரும் அமரட்டும். பிவண்டியில் ஒரு சாரார் மட்டும் கூடியிருந்தால் அது அமைதிக்குழுவாக இராமல் படையாக ஆகியிருக்கும். மாதம் ஒருமுறை பீட் போலீஸ்காரரை அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவோம்.

நான்காவது, இரவில் சுற்றிவரும் இளைஞர் கையில் டார்ச்சும் ஊதலும் இருக்கட்டும், தடி வேண்டா. எவர் மீதும் கை வைத்தல் கூடாது. ஐயமிருந்தால் ஊதட்டும், ஸ்டேஷனுக்குச் சொல்லட்டும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கட்டும்.

ஐந்தாவது, கீரைக்காரியையும் இஸ்திரிக்காரரையும் பழைய தாள் வாங்குபவரையும் விரட்டாதிருப்போம். பகல் முழுதும் காலனியில் நடப்பவர்கள் அவர்களே. நாம் வேலைக்குப் போனபின் நம் வாயிலைப் பார்ப்பவர்களும் அவர்களே. பெயர் கேட்டு, ஊர் கேட்டு, முகம் அறிந்து வைத்துக்கொண்டால் அவர்களைவிட நல்ல காவல் நமக்கு இல்லை.

சுவரை உயர்த்தும் அன்பர்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. நகை இழந்த தாயின் கண்ணீரும் நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம் தந்தையரும் ஒருநாள் தாதரில் இறங்கி, கையில் தகரப்பெட்டியும் சட்டைப்பையில் முகவரிச் சீட்டுமாக, மொழி தெரியாமல் எவர் வீட்டு மாடிப்படியின் கீழோ நின்றவர்களே. அன்று அந்தப் படிக்கட்டில் விளக்கெரிந்தது. கதவைத் திறந்தவர் பெயர் கேட்டார். அதனால் நாம் இருக்கிறோம்.

அடிபட்ட அந்த இளைஞன் பதினைந்து நாள் நம் வீட்டில் தங்கினான். நம் மகன் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். மூன்றாம் நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டான். நாம் சொல்லிக் கேட்டதன்று. இப்பொழுது அவன் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இம்மலரின் படிகளைக் கட்டிக் கொண்டுவந்து மேடையருகே அடுக்கியவன் அவனே. ஆண்டு விழா நாளன்று அன்பர்கள் அவனைக் காணலாம். பெயர் கேட்டுப் பழகுங்கள்.

காவல் சிறக்க, காலனி தழைக்க, தமிழ் வாழ்க.